பெற்றோர் எல்லோரும் 'மிகவும் திருப்தி' என்று எழுதித் தந்தால் அதை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுக்கு உட்பட்ட ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு சிறிய தெரபி சென்டரில் வேலை பார்க்கிறீர்கள். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பெற்றோருக்கான பயிற்சி மூன்றும் அங்கே உண்டு. 60 குடும்பங்கள் வருகின்றன. பத்துக் கேள்விகள் கொண்ட திருப்திப் படிவம் கொடுத்தீர்கள், 40 திரும்பி வந்தது, சராசரி ஐந்துக்கு 4.7. நிர்வாகத்துக்குச் சந்தோஷம். உங்களுக்கு மட்டும் உறுத்துகிறது, ஏனென்றால் அதே சமயத்தில் சில குடும்பங்கள் எதுவும் சொல்லாமல் வருவதை நிறுத்திவிட்டன. "இதைவிட நல்ல கேள்வித்தாள் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோர் மனதில் இருப்பது அந்த 4.7-ல் ஏறியிருக்கிறதா என்பதுதான் உங்கள் உண்மையான சந்தேகம் என்று படுகிறது.

பெரும்பாலும் ஏறியிருக்காது. வேறு கேள்வித்தாள் வாங்கிப் போட்டால் மட்டும் ஏறிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். நான் தெரபிஸ்ட் இல்லை, அளவீட்டுப் பக்கத்து ஆள். குழந்தை வளர்ச்சிச் சேவைகளுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது, மற்றவர்கள் தயாரித்ததைச் சோதிப்பது, வந்த டேட்டாவைப் படிப்பது இவைதான் பல வருடமாக என் வேலை. அதனால் எந்த தெரபி நல்லது என்பதற்குள் போக மாட்டேன். பெற்றோரிடம் எதைக் கேட்டால் நம்பத் தகுந்த பதில் வரும், எதைக் கேட்டால் வராது என்பதைச் சொல்ல முடியும்.

4.7-ல் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 'திருப்தியா?' என்று நேரடியாகக் கேட்கும் படிவங்கள், எந்தச் சேவையிலும், பெரும்பாலும் உச்சத்தை ஒட்டித்தான் நிற்கும். 1979-ல் அமெரிக்காவில் உருவான சி.எஸ்.கியூ-8 என்ற எட்டுக் கேள்விப் படிவம் இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மதிப்பெண் 8-லிருந்து 32 வரை. ஒழுங்காகத் தயாரித்த கருவிதான், ஆனால் அதிலும் பதில்கள் மேல்பக்கமே குவியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. ஏன் இப்படி என்பதற்கு 1998-ல் வில்லியம்ஸ், காய்ல், ஹீலி என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். எனக்கு இன்றும் அதுதான் சரியாகப் படுகிறது. மோசமான அனுபவம் நடந்தாலும் மனிதர்கள் உடனே 'திருப்தி இல்லை' என்று எழுதுவதில்லை. முதலில் 'இதைச் செய்வது அவர்கள் கடமையா?' என்று பார்க்கிறார்கள். கடமைதான் என்றால் அடுத்து, 'செய்யாமல் போனது அவர்கள் தப்பா, இல்லை சூழ்நிலையா?' என்று பார்க்கிறார்கள். இரண்டையும் தாண்டி வந்தால்தான் அது அதிருப்தியாகப் பதிவாகும். உங்கள் சென்டரில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு மாதத்தில் மூன்று செஷன் ரத்தாகிறது. அம்மா என்ன நினைப்பார்? 'பாவம், அந்தப் பொண்ணு ஒருத்தியே இத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறாள்.' படிவத்தில் 5 போட்டுவிடுவார். அனுபவம் மோசம், மதிப்பெண் முழுசு, இரண்டும் உண்மை.

இதற்கு மேல் ஒரு பயமும் உண்டு. அந்தச் சேவையை விட்டால் வேறு இடம் கிடைக்காது, கிடைத்தாலும் மறுபடி காத்திருப்புப் பட்டியல். இந்த நிலையில் இருக்கும் குடும்பம் குறை எழுதாது. படிவத்தை யார் கையில் கொடுக்கிறார்கள், யார் திரும்ப வாங்குகிறார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. வழக்கமாக நடப்பது எனக்குத் தெரியும். செஷன் முடிந்து கதவு திறக்கிறது, குழந்தை ஒரு கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுக்கிறது, இன்னொரு கையில் பேனா. தெரபிஸ்ட் சிரித்தபடி இரண்டடி தள்ளி நிற்கிறார். 'சும்மா டிக் பண்ணுங்க, ரெண்டு நிமிஷம்தான்.' அந்த இரண்டு நிமிடத்தில் மேலிருந்து கீழே ஒரே வரிசையில் விழும் டிக்குகளுக்கு 'பெற்றோர் கருத்து' என்று பெயர் வைப்பது நியாயமில்லை. பெயர் எழுதச் சொல்லாவிட்டாலும், 60 குடும்பம் வரும் இடத்தில் கையெழுத்தைப் பார்த்தே யார் என்று தெரிந்துவிடும். அது பெற்றோருக்கும் தெரியும்.

அடுத்து, நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். 'பெற்றோர் கருத்து' என்று ஒற்றையாகச் சொல்கிறோமே, அதற்குள் குறைந்தது நான்கு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. என்ன நடந்தது என்பது ஒன்று. நடந்ததை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது, அதாவது திருப்தி, இரண்டாவது. தங்கள் வீட்டு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பது மூன்றாவது. குழந்தை முன்னேறியிருக்கிறது என்று நம்புகிறார்களா என்பது நான்காவது. உங்கள் பத்துக் கேள்விகளை நீங்கள் இணைத்திருந்ததால் படித்தேன். நான்கும் கலந்து கிடக்கின்றன. 'தெரபிஸ்ட் மரியாதையாகப் பேசுகிறார்', 'சென்டரின் சேவை சிறப்பாக உள்ளது', 'என் மன அழுத்தம் குறைந்துள்ளது', 'என் குழந்தையின் பேச்சு வளர்ந்துள்ளது' எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் வரும் எண் எதைக் குறிக்கும்? எதையும் குறிக்காது.

இந்த நான்கில் ஆபத்தானது கடைசி. பெற்றோர் சொல்லும் முன்னேற்றத்தைச் சேவை வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரமாகக் காட்டவே கூடாது. 1990களின் கடைசியில் செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோனை ஊசியாகப் போட்டால் ஆட்டிசம் குறைகிறது என்று பெரிய பரபரப்பு எழுந்தது. மூன்று குழந்தைகளைப் பற்றிய ஓர் அறிக்கைதான் அதற்கு அடிப்படை. 1999-ல் 60 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் செக்ரெட்டினும் மற்றதற்கு வெறும் உப்புநீரும் கொடுத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு குழுவுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. இந்த முடிவைப் பெற்றோரிடம் சொன்ன பிறகும், அவர்களில் 69 சதவீதம் பேர் தங்கள் குழந்தைக்குச் செக்ரெட்டின் வேண்டும் என்ற ஆர்வம் குறையவில்லை என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. சின்னக் குழந்தை, வளரும் வயது, ஆறு மாதத்தில் ஏதாவது ஒன்று மாறத்தான் செய்யும். பெற்றோர் அதைக் கூர்ந்து பார்ப்பவர்கள், நம்பிக்கையோடு இருப்பவர்கள். மாற்றத்தை அவர்கள் சரியாகவே பார்க்கலாம். அந்த மாற்றம் எதனால் வந்தது என்பதை வீட்டிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க அந்த தெரபி பெறாத ஒரு குழுவும், எந்தக் குழந்தை எந்தக் குழு என்று தெரியாத மதிப்பீட்டாளரும் வேண்டும். உங்கள் சர்வேயில் அந்தக் கேள்வி இருக்கலாம், பெற்றோர் மனநிலை தெரியும். சென்டரின் சாதனைப் பக்கத்தில் மட்டும் அது போகக் கூடாது.

சரி, தயாராக இருக்கும் கேள்வித்தாள்களுக்கு வருகிறேன். ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்கான சேவைகளைப் பற்றிப் பெற்றோர் நினைப்பதை அளக்க, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே கருவி என்று ஒன்று கிடையாது. அருகில் வருவது மெஷர் ஆஃப் ப்ராசஸஸ் ஆஃப் கேர், சுருக்கமாக எம்.பி.ஓ.சி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கும் கேன்சைல்டு ஆய்வு மையம் 1990களின் நடுவில் இதை உருவாக்கியது. முதலில் 56 கேள்விகள், 2004-ல் 20 கேள்விகளாகச் சுருக்கிய வடிவம் வந்தது. ஆட்டிசத்துக்கென்று செய்ததில்லை, மாற்றுத்திறன் உள்ள எல்லாக் குழந்தைகளின் பெற்றோருக்குமானது. இதில் எனக்குப் பிடித்தது கேள்வி கேட்கும் விதம். 'திருப்தியா?' என்று கேட்பதில்லை. கடந்த ஓராண்டில் உங்கள் குழந்தையோடு வேலை செய்பவர்கள் இன்னின்னதை எந்த அளவுக்குச் செய்தார்கள் என்று கேட்கும். 1 முதல் 7 வரை பதில். 'எங்களுக்குப் பொருந்தாது' என்பதற்கு 0 தனியாக உண்டு. இந்த 0 சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இது இல்லாத படிவங்களில் பெற்றோர் நடுவில் ஒரு 3 போட்டு நகர்ந்துவிடுவார்கள், அதை நாம் 'சுமார்' என்று படித்துக்கொண்டிருப்போம்.

எம்.பி.ஓ.சி-யில் ஐந்து பிரிவுகள்: பெற்றோரைக் கூட்டாளியாக நடத்துவது, பொதுவான தகவல் தருவது, குழந்தையைப் பற்றிய குறிப்பான தகவல் தருவது, சேவைகளை ஒருங்கிணைத்து முழுமையாகத் தருவது, மரியாதையும் ஆதரவுமாக நடந்துகொள்வது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சராசரி, மொத்த மதிப்பெண் கிடையாது. வேண்டுமென்றேதான் அதை வைக்காமல் விட்டார்கள். பல நாடுகளில், பல மொழிகளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் விஷயம் ஒன்று உண்டு. மரியாதைப் பிரிவு உயரத்தில் நிற்கும், பொதுத் தகவல் பிரிவு அடியில் கிடக்கும். அதாவது, அன்பாக நடத்துகிறார்கள், ஆனால் வேறு என்னென்ன சேவைகள் இருக்கின்றன, இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோரை எங்கே பார்க்கலாம், அடுத்த கட்டம் என்ன என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. உங்கள் 4.7-க்கு அடியிலும் இதுதான் இருக்கும் என்று பந்தயம் கட்டலாம் போலிருக்கிறது. இதே கருவியின் இன்னொரு வடிவம் ஊழியர்களுக்கானது, அவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தங்களையே மதிப்பிட்டுக்கொள்வார்கள். பெற்றோர் மதிப்பெண்களையும் ஊழியர் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கூட்டத்துக்குத் தேவையான விஷயம் அதிலேயே கிடைத்துவிடும். பயன்படுத்தும் முன் அனுமதி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேள்விகளைப் பொறுக்கி எடுத்து உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டு, 'எம்.பி.ஓ.சி பயன்படுத்தினோம்' என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்து பீச் சென்டர், பெற்றோருக்கும் ஊழியருக்கும் இடையிலான கூட்டுறவை அளக்க 18 கேள்விகள் கொண்ட ஸ்கேல் ஒன்றை 2005-ல் வெளியிட்டது. தெரபிஸ்ட்டோடு உள்ள உறவை மட்டும் பார்க்க அது நல்லது. அதே நாட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான சேவைகளில், தங்கள் உரிமைகளைத் தெரிந்துகொள்ளவும், குழந்தையின் தேவைகளை எடுத்துச் சொல்லவும், குழந்தை வளரவும் கற்கவும் உதவவும் அந்தச் சேவை துணையாக இருந்ததா என்று ஒவ்வொரு மாநிலமும் குடும்பங்களிடம் கேட்டு மத்திய அரசுக்குச் சொல்லியாக வேண்டும். திருப்தியைக் கேட்காமல் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறார்கள் பாருங்கள், அந்தக் கோணத்தைக் கடன் வாங்கலாம். பிரிட்டனில் 2018-ல் வெளியான ஆட்டிசம் ஃபேமிலி எக்ஸ்பீரியன்ஸ் கேள்வித்தாள் 48 கேள்விகள் கொண்டது. எதைக் கேட்பது என்பதைப் பெற்றோரே முன்மொழிந்தார்கள், அதனால் கேள்விகளில் வீட்டு வாடை அடிக்கும். ஆனால் அது குடும்ப வாழ்க்கையை அளக்கிறது, சேவையை அளக்கவில்லை. நான் மேலே சொன்ன மூன்றாவது வகை. அதை வைத்துக்கொண்டு 'எங்கள் சென்டரைப் பற்றிப் பெற்றோர் கருத்து' என்று எழுதினால் தப்பு.

எதை எடுத்தாலும், அச்சடிக்கும் முன் ஐந்தாறு பெற்றோரோடு தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லி, என்ன நினைத்து அந்தப் பதிலைப் போட்டீர்கள் என்று கேளுங்கள். கருவிகளின் தரத்தை மதிப்பிட காஸ்மின் என்ற பன்னாட்டு வழிகாட்டு நெறிமுறை இருக்கிறது. அதுவும் எல்லாப் புள்ளிவிவரத்துக்கும் முன்னால் இதைத்தான் வைக்கிறது: கேள்விகள் பொருத்தமானவையா, முழுமையானவையா, பதில் சொல்பவருக்குப் புரிகிறதா. ஓர் உதாரணம் சொல்கிறேன். 'என் குழந்தையைப் பற்றிய முடிவுகளில் என்னையும் சேர்த்துக்கொள்கிறார்கள்' என்ற கேள்விக்கு ஓர் அம்மா தயங்காமல் 5 போட்டார். கடைசியாக அப்படி எடுத்த முடிவு என்ன என்று கேட்டேன். "செவ்வாய்க்கிழமைக்குப் பதிலா வியாழக்கிழமை வர முடியுமான்னு கேட்டாங்க" என்றார். குழந்தைக்கு இப்போது எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்றேன். "அது அவங்களுக்குத்தானே தெரியும், நாம என்ன சொல்றது?" என்றார். அந்த 5 பொய்யில்லை. அவர் மனதில் இருந்த கேள்விக்கு அதுதான் பதில். நாம் கேட்டதாக நினைத்த கேள்வி அவரைப் போய்ச் சேரவே இல்லை. இப்படி நடந்தால், கருவி துல்லியமாக இருந்தும் பயனில்லாமல் போகும்.

ஆகவே உங்கள் பத்துக் கேள்விகளில் பாதியை எடுத்துவிட்டு, நடந்ததைக் கேட்கும் கேள்விகளை வைக்கச் சொல்வேன். 'வீட்டுப் பயிற்சி பற்றிய வழிகாட்டுதல் திருப்திகரமாக உள்ளதா?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'கடந்த ஒரு மாதத்தில், வீட்டில் செய்ய வேண்டியதைத் தெரபிஸ்ட் உங்கள் கண் முன்னால் குழந்தையோடு செய்து காட்டினாரா? உங்களைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தாரா?' என்று கேளுங்கள். ஆம், இல்லை போதும். 'ஒரு செஷன் ரத்தானபோது எப்போது தெரிவித்தார்கள்? முந்தின நாளா, அன்று காலையா, நீங்கள் வந்து சேர்ந்த பிறகா?' இப்படிக் கேட்டால் 'பாவம், அந்தப் பொண்ணு' என்ற இரக்கம் பதிலுக்குள் நுழைய இடமே இருக்காது. இன்னொரு கேள்வியை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன்: 'உங்கள் குழந்தைக்கு இப்போது இங்கே எந்தெந்தத் திறமைகளுக்காக வேலை நடக்கிறது? தெரிந்தவற்றை எழுதுங்கள்.' எழுதியதைக் குழந்தையின் ஃபைலில் இருக்கும் இலக்குகளோடு ஒப்பிடுங்கள். ஃபைலில் 'இரண்டு பொருள்களில் ஒன்றைக் கைகாட்டித் தேர்ந்தெடுத்தல்' என்று இருக்கும், பெற்றோர் 'பேச வைக்கிறாங்க' என்று எழுதியிருப்பார். பெற்றோரோடு சேர்ந்து திட்டமிடுகிறீர்களா என்பதற்கு இதைவிட நேரான அளவு எனக்குத் தெரிந்து இல்லை. இந்தப் பதிலில் மட்டும் குடும்பத்தின் பெயர் எழுத வேண்டியிருக்கும் என்பதால், ஃபைலோடு ஒப்பிடும் வேலையைத் தெரபிஸ்ட் அல்லாத ஒருவர் செய்யட்டும். மற்ற பதில்களில் பெயர் வேண்டாம்.

திறந்த கேள்வி ஒன்றிரண்டு வையுங்கள். 'வேறு கருத்துகள்' என்ற காலிக் கோட்டில் 'நன்றி' மட்டும்தான் வரும். 'கடைசி செஷன் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்ன பேசிக்கொண்டீர்கள், அல்லது என்ன யோசித்தீர்கள்?' என்று கேட்டால் வேறு மாதிரி எழுதுவார்கள்.

யார் பதில் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தத் துறையின் ஆய்வுகளில் 'பெற்றோர்' என்று தலைப்பில் இருக்கும், உள்ளே போனால் பெரும்பாலும் அம்மாக்கள். அப்பாக்கள் சொற்பம். அது தப்பில்லை, அம்மாதான் குழந்தையோடு வருகிறார் என்றால் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். இருவரிடமும் வாங்கினால் ஒரே வீட்டின் இரண்டு பதில்களைக் கூட்டிச் சராசரி ஆக்காதீர்கள், இருவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதுதான் அங்கே செய்தி. பெற்றோரிலேயே சிலர் ஆட்டிசம் உள்ளவர்களாக இருப்பார்கள், தெரிந்தோ தெரியாமலோ. 'சேவைகள் பொதுவாக உதவியாக உள்ளனவா?' மாதிரியான மொட்டையான கேள்வி அவர்களுக்கு எரிச்சல் தரும். எந்தச் சேவை, எப்போது, யாருக்கு என்று தெளிவாகக் கேட்டால் எல்லோருக்குமே நல்லது.

பதில் தராத 20 குடும்பங்களுக்கு வருவோம். உங்கள் 40 பேரில் 36 பேர் 'திருப்தி' என்றால் 90 சதவீதம் என்று எழுதுவீர்கள். 60 பேரைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பதில் தராத 20 பேரும் அதிருப்தி என்று வைத்தால் 36-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும், 60 சதவீதம். 20 பேரும் திருப்தி என்று வைத்தால் 56-ஐ 60-ஆல், 93 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊகிக்க உங்களுக்கே ஒரு துப்பு கிடைத்திருக்கிறது, சொல்லாமல் நின்றுபோன குடும்பங்கள். அவர்கள் இந்த 60-க்குள்ளேயே இல்லாமல் போயிருக்கவும் கூடும். நின்றுபோனவர்களில் நான்கைந்து பேரோடு, சென்டரில் வேலை பார்க்காத ஒருவர் போனில் பேசினால், 40 படிவம் சொல்லாததைச் சொல்வார்கள். சிலர் வீடு மாறியிருப்பார்கள், பணம் கட்ட முடியாமல் போயிருக்கும், குழந்தை நன்றாகத் தேறியதால் நிறுத்தியிருப்பார்கள். எல்லாமே உங்கள் மேல் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதும் பதிலை மாற்றும். பிரிட்டனில் 1,000-க்கும் மேற்பட்ட பெற்றோரிடம் நடத்தி 2016-ல் வெளியான ஒரு சர்வேயில், கவலையோடு முதன்முதலில் ஒரு நிபுணரிடம் போனதிலிருந்து ஆட்டிசம் என்று உறுதியாவது வரை சராசரியாக மூன்றரை வருடம் ஆகியிருந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் அந்த நடைமுறை முழுவதிலும் அதிருப்தியில் இருந்தார்கள். அப்படி அலைந்து களைத்து வரும் குடும்பம், உள்ளே விட்டதற்கே முதல் மாதம் 5 போடும். இன்னொரு குடும்பம் அங்கே பட்ட கோபத்தை உங்கள் படிவத்தில் இறக்கிவைக்கும். டயக்னாசிஸ் அனுபவத்துக்குத் தனிக் கேள்வி வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. சேர்ந்து எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் கேட்டு, புதியவர்களையும் பழையவர்களையும் பிரித்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்வியைக் கேட்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 'என் குழந்தை எதற்காக அழுகிறது என்று எனக்குப் புரிகிறது' என்ற வரிக்குத் தொடக்கத்தில் 4 போட்ட அப்பா, மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு 3 போடுவார். அவருக்குத் தெரிந்தது குறைந்துவிடவில்லை. தெரிந்துகொள்ள எவ்வளவு இருக்கிறது என்பது இப்போதுதான் புரிந்திருக்கிறது, அளவுகோலே அவருக்குள் நகர்ந்துவிட்டது. இதைச் சமாளிக்கச் சிலர் பயிற்சி முடிந்த பிறகு, 'அப்போது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது' என்று இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். அதில் வேறு சிக்கல்: இவ்வளவு நாள் வந்ததற்குப் பலன் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் பழைய நிலையை இன்னும் கீழே தள்ளிக் காட்டும். இரண்டில் எது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அடித்துச் சொல்லக் கூடியவை இவை: பொதுவான திருப்திக் கேள்விகள் உச்சத்தில் குவியும். நடந்ததைக் கேட்கும் கேள்விகள் சேவைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை நன்றாகக் காட்டும். பெற்றோர் சொல்லும் முன்னேற்றத்தில் எதிர்பார்ப்பு கலந்திருக்கும். சந்தேகமாகவே இருப்பவையும் உண்டு. குடும்பத்தைக் கூட்டாளியாக நடத்தும் சேவைகளில் பெற்றோருக்கு மன அழுத்தம் குறைவாகத் தெரிகிறது, எம்.பி.ஓ.சி-யை உருவாக்கியவர்களின் சோதனையிலேயே அது வந்தது. ஆனால் நல்ல சேவை அழுத்தத்தைக் குறைக்கிறதா, அல்லது அழுத்தத்தில் இருப்பவர் எந்தச் சேவைக்கும் குறைவாகத்தான் போடுவாரா என்பதை ஒரே தடவை எடுத்த சர்வே பிரித்துக் காட்டாது. பதிலுக்கு ஐந்து கட்டமா ஏழு கட்டமா என்று கேட்டு நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உங்கள் அளவில் அது பெரிய விஷயமில்லை. ஒரு படிவத்தின் கேள்விகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண் ஆல்ஃபா; ஆய்வு மாணவர்கள் 'ஆல்ஃபா 0.95 வந்தது, கருவி சரி' என்று எழுதுவதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் கோபம் வரும். ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டாலும் 0.95 வரும்.

கேள்வித்தாளால் ஒருபோதும் எட்ட முடியாத எல்லை ஒன்று இருக்கிறது. பெற்றோர் கருத்து குழந்தையின் கருத்து ஆகாது. பெற்றோர் நூற்றுக்கு நூறு திருப்தியாக இருக்கும் ஒரு செஷனில் குழந்தை முழு நேரமும் காதைப் பொத்திக்கொண்டு இருக்கலாம். 'அழுதாலும் பரவாயில்லை, உட்கார வைத்தால் போதும்' என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் தங்கள் சிறு வயது தெரபியைப் பற்றி எழுதுவதில் இந்த வலி அடிக்கடி வருகிறது. மூன்று வயதுக் குழந்தையிடம் படிவம் நீட்ட முடியாது. ஆனால் அறைக் கதவருகே வரும்போது என்ன செய்கிறது, உள்ளே போனதும் எவ்வளவு நேரத்தில் இயல்பாகிறது, எப்போது வெளியே போக முயல்கிறது என்பதையெல்லாம் ஒருவர் பார்த்துக் குறித்துவைக்க முடியும். பெற்றோர் படிவத்திலும் ஒரு கேள்வி வைக்கலாம்: 'இங்கே கிளம்ப வேண்டும் என்று தெரிந்ததும் குழந்தை வீட்டில் என்ன செய்கிறது?' இதைப் பெற்றோர் திருப்தியோடு கூட்டாமல் தனியாக வையுங்கள்.

நடைமுறைக்கு, உங்கள் இடத்தில் நான் இருந்தால் பழைய பத்துக் கேள்விகளை இந்த வருடத்தோடு நிறுத்திவிடுவேன். 20 கேள்வி எம்.பி.ஓ.சி, நடந்ததைக் கேட்கும் சொந்தக் கேள்விகள் எட்டு, திறந்த கேள்வி இரண்டு. இதற்கு மேல் போனால் தூக்கம் இல்லாத பெற்றோர் பாதியில் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு சொந்தக் கேள்விக்கும் பக்கத்தில், பதில் மோசமாக வந்தால் சென்டரில் யார் எதை மாற்றுவார் என்று பென்சிலில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடலாம். படிவத்தைப் போனில் அனுப்புங்கள், வாரக் கடைசியில் நிதானமாக நிரப்பட்டும். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு வெளியாள் ஒருவர் படித்துக் காட்டலாம், தெரபிஸ்ட் வேண்டாம். வந்த முடிவுகளில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய மூன்றையும், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பிவிடுங்கள். முதல் தடவை முடிவுகள் முன்புபோல உச்சத்தை ஒட்டி இருக்காமல் போகலாம், நிர்வாகத்திடம் அதை இப்போதே சொல்லிவைத்துவிடுவது நல்லது. 4.7-லிருந்து சேவை சரிந்துவிட்டது என்று யாராவது படம் போடுவதற்குள், இது வேறு கருவி, பழைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.